மூன்று வீட்டுப் புத்தகங்களுக்கு மூன்று ராஸ்பெர்ரி பை

சிங்கப்பூரில் மூன்று வீடுகளின் தமிழ்ப் புத்தக இரவல்களைக் கணக்கு வைக்க, வீட்டுக்கு ஒன்றாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பெட்டியை வைத்திருக்கிறோம். இப்போது ஈசூன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினால் இருபது நொடிக்குள் ஜூரோங் பெட்டி வேலையை எடுத்துக்கொள்கிறது. தெம்பனிஸ் பெட்டியைப் பிடுங்கினாலும் அப்படித்தான். திரும்பச் செருகினால், இடையில் நடந்த இரவல்களையெல்லாம் மற்ற இரண்டிடமும் கேட்டு வாங்கிக்கொண்டு தானே சேர்ந்துவிடுகிறது. இந்த நிலைக்கு வந்தபிறகுதான் எழுதுவது என்று வைத்திருந்தேன்.

மூன்று வீட்டார் சேர்ந்து தமிழ்ப் புத்தகங்களைப் பொதுவாக வைத்து இரவல் கொடுக்கிறோம். தெம்பனிஸில் நான், ஈசூனில் அக்கா, ஜூரோங் வெஸ்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவர் எங்களுக்கு ஐயா. தெரிந்தவர்கள் டெலிகிராமில் கேட்பார்கள், யார் பார்க்கிறோமோ அவர் பதில் சொல்வோம். தொல்லை அங்கேதான். என் வீட்டில் இருக்கும் ஒரு பிரதியை அக்கா ஒருவருக்கும் ஐயா இன்னொருவருக்கும் ஒரே மாலையில் வாக்குக் கொடுத்துவிடுவார்கள். இருவரும் தெம்பனிஸுக்கு எம்ஆர்டி ஏறி வந்துவிடுவார்கள்.

“ஏன்டா, கூகள்ல ஒரு ஷீட் போட்டா முடியாதா?” என்று அக்கா கேட்டார். பாதி முடியும். ஆனால் ஷீட்டில் இருவர் ஒரே கட்டத்தில் எழுதினால் கடைசியாக எழுதியவர் பெயர்தான் நிற்கும், முதலாமவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதைவிட முக்கியமான காரணம், பல கணினிகள் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யும் பகிர்ந்தியங்கும் அமைப்பு ஒன்றைக் கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் செலவு. கரோசல் என்ற விற்பனைத் தளத்தில் பழையதாக வாங்கிய ராஸ்பெர்ரி பை 4, இரண்டு ஜிபி நினைவகம் கொண்டது, தலா 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீதம் இரண்டு. மூன்றாவது என் இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்த பை 3பி பிளஸ். 120 ஜிபி எஸ்எஸ்டி மூன்று, தலா 24. யுஎஸ்பியிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் மூன்று, தலா 11. மின் அடாப்டர் இரண்டு, தலா 14. கடிகாரச் சில்லு மூன்று, தலா 4. பார்கோடு ஸ்கேனர் 28, ஸ்டிக்கர் அச்சடிக்கும் சிறிய இயந்திரம் 45. மொத்தம் 318 வெள்ளி. தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை பை மட்டும்தான், மற்றதெல்லாம் கோளாறுக்கு ஒன்றாக வந்து சேர்ந்தவை. மின்சாரம் பெரிதாக ஒன்றுமில்லை: ஒரு பெட்டி சுமார் 5 வாட் இழுக்கிறது, அலகுக்கு 30 காசு என்று வைத்தால் மாதம் ஒரு வெள்ளிக்குக் கொஞ்சம் மேலே.

பதிவேட்டுக்கு எட்சிடி, ஒரே பதிவுகளைப் பல கணினிகளில் ஒத்து வைத்திருக்கும் தரவுத்தளம். மூன்று பெட்டிகளில் இரண்டு ஒப்புக்கொண்டால்தான் ஒரு பதிவு செல்லும். அடியில் ஓடுவது ராஃப்ட், பெட்டிகள் தமக்குள் தேர்தல் வைத்து ஒன்றைத் தலைமையாக்கி அதன் வழியே ஒப்புக்கொள்ளும் முறை; டியகோ ஓங்காரோவும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் 2014இல் வெளியிட்டது. நண்பர் ஒருவர் நான்காவதாக ஒரு பை தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். நான்கில் பெரும்பான்மை மூன்று. ஆகவே நான்கு இருந்தாலும் ஒன்று விழுவதை மட்டுமே தாங்கும், மூன்று இருந்தாலும் அதேதான். கூட்டுவதென்றால் ஐந்தாகக் கூட்ட வேண்டும்.

பழைய பை 3இல் 32 பிட் இயங்குதளம் இருந்தது. அதில் எட்சிடி கிளம்பவே மறுக்கும். ஒரு சூழல் மாறியை வைத்து வற்புறுத்தலாம், எனக்கு அந்த வம்பு வேண்டாம் என்று தோன்றியது. சில்லு 64 பிட்தான், அதனால் 64 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் ஏற்றியதும் தீர்ந்தது.

அடுத்து வந்தது எஸ்டி அட்டை. சும்மா இருக்கும்வரை மூன்றும் ஒழுங்காக இருந்தன. ஐயாவின் பட்டியலை மொத்தமாக ஏற்ற ஆரம்பித்ததும் தலைமை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது. லாகில் ‘ஸ்லோ எஃப்டேட்டாசிங்க்’, அதாவது வட்டில் எழுதுவது மெதுவாகிறது, என்ற வரி கொட்டியது. எட்சிடி ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதியாக எழுதி முடித்த பிறகே ‘ஆயிற்று’ என்று சொல்லும். தலைமைப் பெட்டி 100 மில்லிநொடிக்கு ஒருமுறை தான் உயிரோடிருப்பதை மற்றவற்றுக்குச் சொல்ல வேண்டும், 1000 மில்லிநொடி சத்தமில்லாமல் போனால் அவை தேர்தல் வைத்துவிடும். இவை இயல்பாக வரும் அளவுகள். என் அட்டைக்குச் சில சமயம் ஒரே ஒரு எழுத்தை முடிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆனது.

கால அளவுகளைக் கூட்டினால் போதும் என்று 500க்கும் 5000க்கும் ஏற்றிப் பார்த்தேன். தேர்தல் நின்றது. ஆனால் ‘இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன்’ என்று தட்டினால் பதில் வர நான்கைந்து நொடி ஆனது. தெம்பனிஸுக்கும் ஜூரோங்குக்கும் இடையே பிங் 5 மில்லிநொடிதான், ஆக இழுப்பது கம்பி இல்லை. அப்புறம்தான் வட்டின் வேகத்தைச் சோதிக்கும் எஃப்ஐஓ என்ற நிரலைப் போட்டு அளந்தேன். எட்சிடிக்காரர்கள் சொல்லும் அளவுதான்: 22 எம்பி கோப்பு, 2300 பைட் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு உறுதி எழுத்து. நூற்றில் 99 எழுத்துகள் 10 மில்லிநொடிக்குள் முடிய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. என் அட்டைக்கு 180 வந்தது. எஸ்எஸ்டியில் அதே சோதனை 4. கால அளவுகளைப் பழைய இடத்துக்கே இறக்கிவிட்டேன், அன்றிலிருந்து காரணமில்லாமல் தேர்தல் வந்ததில்லை. அட்டையில்தான் ஓட்டப்போகிறீர்கள் என்றால் எதையும் நிறுவுவதற்கு முன் இந்த ஒரு சோதனையைப் போட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

எஸ்எஸ்டி வந்ததும் ஈசூன் பெட்டி மின்சாரத்துக்கு அழுதது. அங்கே பைக்கு அக்காவின் பழைய கைபேசி சார்ஜரைக் கொடுத்திருந்தோம். சிறிய யுஎஸ்பி மீட்டர் ஒன்றை நடுவில் செருகிப் பார்த்தால், எஸ்எஸ்டி எழுதும்போது 4.6 வோல்ட்டுக்கு இறங்கியது. 4.63க்குக் கீழே போனால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘கெட் திராட்டில்டு’ கட்டளை 0எக்ஸ்50005 என்று திருப்பினால், இப்போதும் மின்னழுத்தம் குறைவு, முன்பும் குறைந்திருக்கிறது என்று பொருள். சிம் லிம் டவரில் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் இரண்டு வாங்கினேன். ஐயா வீட்டில் இன்னொரு சில்லறைத் தொல்லை: சாட்டா கேபிள் நடுநடுவே உறைந்துபோனது. துவக்க வரியில் அந்தக் கேபிளின் அடையாள எண்ணைச் சேர்த்து, பழைய யுஎஸ்பி முறையிலேயே பேசச் சொன்னதும் சரியானது.

என் பெட்டியை முதலில் பாம் ஷெல்ட்டரில் (வீட்டுக்குள்ளேயே இருக்கும் குண்டுப் பாதுகாப்பு அறை) புத்தகங்களோடு வைத்திருந்தேன். இரும்புக் கதவைச் சாத்தினால் வைஃபை செத்துவிடும். அதற்குமேல் விவரிக்க ஒன்றுமில்லை, கூடத்தில் ஃபைபர் பெட்டிக்குப் பக்கத்தில் கேபிளில் மாட்டிவிட்டேன்.

மூன்று வீட்டையும் இணைக்க வயர்கார்டு, இணையத்தின் வழியே பூட்டிய தனிவழி அமைக்கும் நிரல். என் வீட்டு ரவுட்டரில் 51820 யுடிபி போர்ட்டைத் திறந்து, மற்ற இரண்டும் என் பெட்டிக்கு வந்து சேரும்படி அமைத்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்தது. ஓர் இரவு எங்கள் பகுதியில் இணையம் போயிற்று. ஈசூனும் ஜூரோங்கும் நல்லபடியாகத்தான் இருந்தன, ஆனால் ஒன்றையொன்று பார்க்க என் வீடு வழியாகத்தான் வரவேண்டும். இரண்டு பெட்டிகளும் தனித்தனியே ‘தலைவர் இல்லை’ என்று நின்றன. மூன்று பிரதி வைத்திருந்தும் என் ஒருவன் வீட்டு இணையத்தின் தயவில்தான் எல்லாம் இருந்திருக்கிறது. ஐயா வீட்டு ரவுட்டரிலும் ஒரு போர்ட்டைத் திறந்து, ஈசூன் நேராக அங்கேயும் போகும்படி செய்தேன். மூன்று பெட்டிக்கு மூன்று இணைப்பு என்று முதல் நாளே தாளில் வரைந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி கடிகாரம். எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்த கோளாறு இதுதான்.

பை 4 வரை எந்தப் பையிலும் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. மின்சாரம் போனால், கடைசியாகக் குறித்துவைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ண ஆரம்பிக்கும். இணையம் கிடைத்ததும் நேரச் சேவையிடம் கேட்டுத் திருத்திக்கொள்ளும். மூன்று பெட்டியும் ஒரே நேரத்தில் இருக்கட்டும் என்று, மற்ற இரண்டும் என் பெட்டியிடமே நேரம் கேட்கும்படி வைத்திருந்தேன். கேட்பது வயர்கார்டு வழியாக.

அக்கா குடும்பம் மலாக்காவுக்குப் போனபோது வழக்கம்போல எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போனார்கள். ரவுட்டரும் பையும் ஒரே நீட்டிப்புப் பலகையில். திரும்பி வந்து போட்டதும் ரவுட்டர் எழுந்தது, பச்சை விளக்கு எரிந்தது, பை எழுந்தது, ஆனால் இணைப்பு மட்டும் வரவில்லை. என் பக்கம் வயர்கார்டை அணைத்துப் போட்டால் உடனே வந்துவிடும். அதனால் குற்றம் என் பெட்டியில் என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இது. வயர்கார்டு கைகுலுக்கும்போது ஒரு நேரமுத்திரையை அனுப்பும். பழைய தரவுப் பொட்டலத்தை யாராவது பிடித்து வைத்துத் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, எதிர்ப்பக்கம் கடைசியாகப் பார்த்த முத்திரையைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே ஏற்கும். ஈசூன் பெட்டி விழித்தபோது அதன் கடிகாரம், அணைவதற்கும் முந்தைய நேரத்தில் நின்றது. என் பெட்டி அதைப் பழைய பொட்டலம் என்று பேசாமல் கீழே போட்டது. ரவுட்டர் மறுபடி எழுந்ததில் அக்கா வீட்டு வெளி முகவரியும் மாறிவிட்டதால், என் பெட்டியாலும் அதைத் தேடிப் போக முடியவில்லை. நேரம் திருந்தினால் இணைப்பு வரும். ஆனால் நேரத்தைத் திருத்த அந்த இணைப்புதான் வேண்டும். என் பக்கத்தை அணைத்துப் போட்டால் பார்த்த முத்திரை மறந்துபோகும், அதனால்தான் ‘சரியானது’.

தீர்வு இரண்டு. நேரம் கேட்பதை வயர்கார்டுக்கு வெளியே எடுத்து, நேராகப் பொது நேரச் சேவையில் விட்டேன். கூடவே ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டிஎஸ்3231 கடிகாரச் சில்லு. அதன் பிழை பத்து லட்சத்துக்கு இரண்டு பங்குக்குள், அதாவது ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவில். நான்கு கம்பிதான்: 3.3 வோல்ட் முதல் ஊசியில், தரவு மூன்றாவதில், துடிப்பு ஐந்தாவதில், தரை ஒன்பதாவதில். இத்தகைய சில்லுகள் பேசும் ஐ2சி இணைப்பின் பட்டியல் எடுத்தால் 68 என்ற இடத்தில் தெரியும், இயக்கி ஏறியபிறகு அதே இடத்தில் ‘யூயூ’ என்று மாறும். ஒரு எச்சரிக்கை: மலிவான நீலப் பலகைகளில், மறுமின்னேற்றப் பேட்டரிக்கென்று ஒரு சின்ன மின்னேற்றுச் சுற்று இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பிவிடும். நான் 3.3தான் கொடுக்கிறேன், ஆனாலும் அந்தச் சுற்றின் தடையைச் சால்டரிங் கோலால் சுட்டு எடுத்துவிட்டேன். கடுகளவு இருக்கும். சாமணத்தால் பிடித்துக்கொண்டு இரண்டு முனையையும் மாறி மாறித் தொட்டால் வந்துவிடும்.

டெலிகிராமில் இரவல் கேட்பவர்களுக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரலான பாட் பற்றிச் சுருக்கமாக. ஒரே பாட்டை இரண்டு பெட்டிகள் ஒரே நேரத்தில் கேட்டால் டெலிகிராம் ஒன்றைத் துரத்திவிடும். அதனால் எட்சிடியில் 15 நொடிக் குத்தகை ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் கையில் வைத்திருக்கும் பெட்டிதான் பாட்டை ஓட்டும், புதுப்பிக்கத் தவறினால் அடுத்தது எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சொன்ன இருபது நொடி இதுதான். இரவலும் அதே மாதிரி: ‘இந்தப் பிரதியிடம் யார் பெயரும் இல்லையென்றால் இவர் பெயரை எழுது’ என்ற நிபந்தனையோடுதான் எழுத்து போகும். இருவர் ஒன்றாகத் தட்டினாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே புத்தகம் இருவருக்குப் போனது.

எட்சிடி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஆனால் நான் புத்தகத் தலைப்பையே சாவியாக, அதாவது ஒரு பதிவை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் அடையாளமாக, வைத்திருந்தேன். எட்சிடிக்கு அது வெறும் பைட்டுகள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்த ஒரு தலைப்பு உள்ளே இரண்டாக இருந்தது. 1997இல் ஜெர்மனியின் கோட்புஸில் ‘டேஸ்’ என்ற கருத்தரங்கு தொடங்கியபோது, பகிர்ந்தியங்கும் பயன்பாடுகளையும் ஒத்தியங்கும் அமைப்புகளையும் ஒரே தலைப்பில் சேர்த்தே வைத்தார்கள். முதல் பாதி எனக்கு எட்சிடி என்ற பெயரில் ஆயத்தமாகக் கிடைத்தது. இரண்டாம் பாதியை, அதாவது மூன்று பட்டியல்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளச் செய்வதை, நாங்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டியிருந்தது. அதே 1997இல்தான் இங்கே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் மாநாட்டில், கணினியில் தமிழ் எழுத்துக்கு ஒரு பொதுக் குறியீடு வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். ஐயாவின் பட்டியல் அந்தக் காலத்துக்கு அடுத்த சில ஆண்டுகளில் ஆரம்பித்தது.

அதைத் திறந்தால் பெரும்பாலும் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பெரும்பகுதி திஸ்கி, நடுவில் சில பக்கங்கள் பாமினி; இரண்டும் யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தமிழை வைக்கப் பயன்பட்ட முறைகள். “அந்தப் பக்கமெல்லாம் பள்ளிக்கூடக் கணினியில அடிச்சது தம்பி” என்றார் ஐயா. பாமினி வரிகளைக் கண்டுபிடிப்பது சுலபம், சொல்லின் நடுவில் அரைப்புள்ளி வரும். திஸ்கியை மாற்ற ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு போதும். திஸ்கியில் தட்டச்சுப் பொறியில் போலக் கொம்பு முதலில், மெய் அதன்பிறகு. யூனிகோடில் மெய் முன்னே, குறி பின்னே. இந்த இடமாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்கிறது.

அக்காவின் பட்டியல் யூனிகோடுதான், சிக்கல் அதற்குள்ளேயே இருந்தது. ‘கொ’ என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே சொல்கிறது, என்எஃப்சி என்ற ஒருமைப்படுத்தும் வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். ஔகாரம் அப்படி இல்லை. ‘மௌனம்’ என்பதை அக்கா கொம்பு போட்டு, பின்னால் ளகரத்தையே அடித்து ‘மெளனம்’ என்று வைத்திருந்தார். யூனிகோடுக்கு இவை வேறு வேறு சொற்கள். கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரம் ஆக்கு என்று ஒரு விதி எழுதினேன். ‘வெள்ளி’, ‘தெளிவு’ எல்லாம் உடைந்துபோயின. ளகரத்துக்குப் புள்ளியோ வேறு குறியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று திருத்தியதும் அடங்கியது. இணையப் பக்கங்களிலிருந்து வெட்டி ஒட்டிய தலைப்புகளில் கண்ணுக்குத் தெரியாத சுழிய அகல இணைப்பான்களும் ஒளிந்திருந்தன, அவற்றை மொத்தமாக நீக்கிவிட்டேன்.

அதோடு நிற்கவில்லை. ‘தமிழ் கவிதைகள்’, ‘தமிழ்க் கவிதைகள்’ இரண்டும் ஒன்றா? அட்டையில் ஒற்று இல்லாமல் அச்சாகியிருக்கும், ஐயா தம் பட்டியலில் திருத்தியே எழுதியிருப்பார். “தப்பை எப்படித் தம்பி எழுதறது?” என்பது அவர் கட்சி. ‘சிறுகதைகள்’, ‘சிறு கதைகள்’ வேறு. இதற்கு விதி எழுதுவதை விட்டுவிட்டேன். ஒற்றையும் இடைவெளியையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டு, ஒத்துப்போகும் ஜோடிகளை மட்டும் அச்செடுத்து ஐயாவிடம் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முடித்துவிட்டார்.

ஐஎஸ்பிஎன்னைச் சாவியாக்கலாமே என்று ஸ்கேனர் வாங்கியது அப்போதுதான். புதிய புத்தகங்களுக்குச் சரி. 2007க்கு முந்தையவற்றில் பத்து இலக்கம், அதை 978 சேர்த்துச் சோதனை இலக்கத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பதின்மூன்றாக்க வேண்டும், அதுவும் நடந்தது. ஆனால் ஐயாவின் பழைய புத்தகங்கள் பலவற்றில் எண்ணே கிடையாது. ஒரு பதிப்பகம் ஒரே எண்ணை இரண்டு வேறு புத்தகங்களில் அச்சடித்திருந்ததையும் பார்த்தோம். தவிர, ஒரே புத்தகத்தின் இரண்டு பிரதிகள் இரண்டு வீட்டில் இருந்தால் ஐஎஸ்பிஎன் உதவாது. இரவல் போவது பிரதி. கடைசியில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொடர் எண், பின்னட்டையின் உள்பக்கம் ஒரு பார்கோடு ஸ்டிக்கர். சாவி அந்த எண்தான், தலைப்பு வெறும் விவரம். அதற்குப் பிறகு இரட்டை இரவல் நடக்கவில்லை.

திரும்பச் செய்தால் ஸ்டிக்கரில்தான் தொடங்குவேன், பெட்டிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஸ்டி அட்டையைத் தொடவே மாட்டேன். பை 5இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் வாங்கினால் போதும், விலைதான் கொஞ்சம் கூட. ஸ்டிக்கர் இயந்திரத்தில் கொஞ்சம் கூடச் செலவழித்திருக்கலாம். என்னுடையது வெப்பத்தாளில் அச்சடிப்பது, ஈசூனில் ஜன்னலோர அலமாரியில் இருந்தவை வெளிற ஆரம்பித்துவிட்டன. அவற்றை மை அச்சில் மறுபடி எடுக்க வேண்டும். ஐயா வீட்டின் இரண்டாவது அலமாரிக்கு இன்னும் ஒட்டவே ஆரம்பிக்கவில்லை. அங்கிருப்பவற்றை இப்போதைக்கு ஐயா நோட்டுப் புத்தகத்தில் எழுதித்தான் கொடுக்கிறார்.